பழைய மேக்புக்கில் எந்த விண்டோஸ் போட்டீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்

தறிமேடை

2011 கடைசியில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ. டேலிக்கு விண்டோஸ் வேண்டும், விண்டோஸ் 10 போதும் என்று யுஎஸ்பியில் இருந்து இஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் ஏற்றினேன். எஸ்எஸ்டி இருப்பதால் வேகம் குறையில்லை, வைஃபை, கேமரா எல்லாம் சரி. சத்தம் மட்டும் இல்லை. திருப்பூர் பார்ட்டி ஒருவர் வீடியோ காலில் வருகிறார், நாங்கள் அனுப்பிய துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டுகிறார், வாய் அசைகிறது, முகம் சிவக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன குறை என்று தெரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒலி டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டும் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் போகவே இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்து மாடல்களில் இருக்கும் சிர்ரஸ் லாஜிக் ஒலிச் சில்லு, விண்டோஸைப் பழைய பயாஸ் துவக்க முறையில் ஏற்றினால்தான் எழுந்திருக்கும். அந்த முறையில் ஏற்ற மெஷினுக்குள் இருக்கும் டிவிடி டிரைவ் வேண்டும், வெளியே செருகும் டிரைவில் இருந்து பூட் ஆகாது. எனக்கு எஸ்எஸ்டி மாட்டிய கடைக்காரர் "இனிமே யார் சார் டிவிடி போடப் போறாங்க" என்று டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்கை வைத்திருந்தார். போய்க் கேட்டால், அது எப்போதோ வேறு மெஷினுக்குப் போய்விட்டதாம். கழற்றிய பொருள் என்னுடையது, ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கடைசியில் நண்பரின் செத்த மேக்புக்கில் இருந்து டிரைவை எடுத்து மாட்டி ஏற்றினேன். அதே விண்டோஸ் 10, இப்போது சத்தம் கணீரென்று வருகிறது.

பூவேலை

எங்களிடம் இருப்பது 2006 கடைசியில் வந்த வெள்ளை மேக்புக், கோர் 2 டுயோ. எம்பிராய்டரி டிசைன் மென்பொருளுக்காக வைத்திருக்கிறோம், அதன் டாங்கிளுக்கு (உரிமத்துக்காகச் செருகும் யுஎஸ்பி சாவி) 32 பிட் டிரைவர் மட்டும்தான் உண்டு. தம்பி விண்டோஸ் 7 64 பிட் டிவிடியைப் போட்டு ஆப்ஷன் விசையைப் பிடித்தான். கறுப்புத் திரை. மேலே 1, 2 என்று இரண்டு வரி, கீழே 'செலக்ட் சிடி-ராம் பூட் டைப்' என்று கேட்டு நிற்கிறது. 1 அழுத்தினால் ஒன்றுமில்லை, 2 அழுத்தினாலும் ஒன்றுமில்லை, விசைப்பலகைக்கு உயிரே கிடையாது. கேள்வியையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லவும் விடாத திரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காரணம் இதுதான். அந்த மெஷினில் இருப்பது 32 பிட் இஎஃப்ஐ. 64 பிட் டிவிடியில் பயாஸுக்கு ஒன்று, இஎஃப்ஐக்கு ஒன்று என இரண்டு பூட் வழிகள் இருக்கும், அதைப் பார்த்ததும் அது குழம்பி நின்றுவிடும். ஐஎஸ்ஓவை (டிவிடியின் நகல் கோப்பு) ஒரே வழியோடு மறுபடி கட்டி எழுதினால் சரியாகும் என்கிறார்கள். நாங்கள் அதற்கெல்லாம் போகவில்லை. 32 பிட் விண்டோஸ் 7 டிவிடியில் அந்த இரண்டாவது வழியே இல்லை, நேராக ஏறியது. அந்த மாடல் 3 ஜிபி நினைவகத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாது என்பதால் 32 பிட்டில் இழப்பும் இல்லை. என்னைக் கேட்டால் பழைய மேக்குக்கு விண்டோஸ் 7தான்.

வரிக்கணக்கு

பூவேலை அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எம்பிராய்டரி மெஷினோடு பேசிக்கொண்டு வலைக்கே போகாமல் இருந்தால் 7 இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு யாராவது அதில் பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் பார்க்க உட்கார்ந்துவிடக் கூடாது. 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது, 8.1க்கு 2023 ஜனவரி 10. குரோம் இந்த இரண்டுக்கும் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பாஸ்வேர்டு அடிக்கும் மெஷினில் ஓட்டையை அடைக்க ஆளில்லை என்றால் அது சின்ன விஷயமில்லை. வைரஸ் பென் டிரைவ் வழியாகவும் வரும், அதனால் வலையில்லாத மெஷினுக்கும் டிசைன் கோப்பை எடுத்துப்போகத் தனி பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறு எதிலும் செருகாதீர்கள். டாங்கிள் மென்பொருளின் நிறுவல் சிடியையும் உடனே நகல் எடுத்துவிடுங்கள், சிடி கீறிவிட்டால் மெஷின் இருந்தும் பயனில்லை.

என் அனுபவம் சின்னதுதான். மேக்கில் விண்டோஸ் ஓட ஆப்பிள் தரும் பூட்கேம்ப் டிரைவர் தொகுப்பு முழுசாக ஏறாத 2010 மாடல், விண்டோஸ் 10. ஏப்ரல் 1 விடியற்காலை ஐந்து மணிக்கு புது நிதியாண்டுக் கணக்கைத் தொடங்க உட்கார்ந்தால் திரை மூலையில் மார்ச் 31, இரவு 11.30! முந்தின நாள் அதே மெஷினில் மேக்ஓஎஸ் பக்கம் வேலை பார்த்திருந்தேன். மேக் உள் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக்கிய பிறகு சரியானது. அன்றைக்கு மட்டும் தேதியைக் கவனிக்காமல் போயிருந்தால் முதல் பில்லே போன வருஷத்தில் விழுந்திருக்கும்.

வைகைப்பயணி

எல்லாரும் 7, 10 என்றே பேசுகிறீர்கள். 2015 மாடல் 15 அங்குலம், ரேடியான் கார்டு உள்ளது, அதில் விண்டோஸ் 11 போட்டேன். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, பிராசஸர் பட்டியலிலும் இல்லை, சோதனையைத் தாண்டவைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஓடுவது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சென்னையில் இருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது நூறு சதவீதம் சார்ஜோடு திறந்தேன், விழுப்புரம் வருவதற்குள் அணைந்துவிட்டது. மடியில் வைக்க முடியாத சூடு, இஸ்திரிப் பெட்டி மாதிரி. அதே மெஷினை மேக் பக்கம் திறந்தால் திருச்சி தாண்டியும் நிற்கும். இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மேக்புக் ப்ரோக்களில் விண்டோஸ் பெரிய கார்டை மட்டும்தான் பார்க்கும், இன்டெல் கார்டுக்கு மாறவே மாறாது. இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. 7, 10, 11 எதைப் போட்டாலும் இது தீராது.

வரிக்கணக்கு சார் தேதிகளைச் சொன்னார், 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதை விட்டுவிட்டார். பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பில் சேர்ந்தால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை. விண்டோஸ் 10இன் எல்டிஎஸ்சி 2021 என்ற நிறுவனங்களுக்கான பதிப்பு 2027 ஜனவரி வரை, அதிலேயே ஐஓடி (தனிப்பயன் கருவிகளுக்கான) வகை 2032 ஜனவரி வரை, உரிமம்தான் தனி ஆளுக்குச் சுலபமாகக் கிடைக்காது. கோர் 2 டுயோ வைத்திருப்பவர்கள் 11 பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத பிராசஸரில் அது பூட்டே ஆகாது, எந்தத் தந்திரமும் உதவாது. 2020 கடைசியில் வந்த, ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு உள்ள மேக் முதல் பூட்கேம்பே கிடையாது, அதைப் பழைய மேக் என்று வாங்கி ஏமாற வேண்டாம்.

தறிமேடை

வைகைப்பயணி, என்னுடையதில் இன்டெல் கார்டு ஒன்றுதான், அதனால் சூடு பிரச்சினை அவ்வளவாக இல்லை. 11 எனக்கு வேண்டாம், ஒலி டிரைவரே 7, 8 காலத்து பூட்கேம்ப் 5.1இல் இருந்து வந்தது, நீட்டிப்பில் சேர்ந்துவிட்டேன்.

சாரல்மழை

2010 வெள்ளை மேக்புக். தறிமேடை அண்ணே சொன்ன மாதிரி டிவிடியில்தான் ஏற்ற வேண்டும் என்று தெரியும். பூட்கேம்ப் செட்டப்பைத் திறந்தால் 'இந்தக் கணினி மாடலுக்கானது அல்ல' என்று துரத்தியது, மாடலுக்கேற்ற பூட்கேம்ப் தொகுப்பை இறக்கித் தரும் பிரிகேடியர் கருவியில் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்கியதும் ஏறிவிட்டது. அதற்கும் முன்னால் மாட்டிக்கொண்ட இடம் வேறு: புது விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்கவே இல்லை. இரட்டை அடுக்கு டிவிடி எங்கள் ஊர்க் கடைகளில் ஒருவரிடமும் இல்லை, கேட்டால் சிடி கவரை நீட்டுகிறார்கள்.

தறிமேடை

சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள் தம்பி, எனக்கு அங்கேதான் கிடைத்தது. கிடைக்காவிட்டால் ஆரம்பகால விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ ஒன்றைத் தேடுங்கள், 1607 பதிப்பு சாதாரண டிவிடியில் அடங்கும், ஏற்றிய பிறகு உள்ளே இருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம். எழுதும்போது வேகத்தைக் குறைத்து எழுதுங்கள், அந்த டிரைவ்களின் லென்ஸ் தேய்ந்திருக்கும்.