மேட் விக்கெட்டில் திரும்பும் ஆஃப் ஸ்பின் டர்ஃபில் நேராகப் போகிறது: உதவி தேவை

காரைக்குடி ஆஃப்ஸ்பின்:
அனைவருக்கும் வணக்கம். நான் வலக்கை ஆஃப் ஸ்பின்னர். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரப் போட்டிகளில் தென்னைநார் மேட் விக்கெட்டில்தான் இதுவரை பெரும்பாலும் வீசி வந்திருக்கிறேன். அங்கே என் பந்து நன்றாகத் திரும்பும். எகிறிக் கையுறையில் பட்டு ஷார்ட் லெக்கில் கேட்ச் போவதும் வழக்கம். இந்தப் பருவத்தில் சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவு ஒன்றில் ஆடும் அணியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே டர்ஃப் (இயற்கை மண்-புல்) விக்கெட், எஸ்ஜி நிறுவனத்தின் தோல் பந்து. அதே பிடி, அதே ஓட்டம், அதே வேகம். ஆனால் பந்து பிட்ச் ஆனதும் வழுக்கிக்கொண்டு நேராகப் போகிறது. பேட்ஸ்மேன்கள் பின்னங்காலில் காத்திருந்து நிதானமாகக் கட் அடிக்கிறார்கள். இன்னும் வேகமாகச் சுழற்ற முயன்றால் பந்து குட்டையாக விழுகிறது. இதுவரை மேட்டில் ரப்பர் அடிக் காலணியுடன் வீசியவன், இப்போது முதல்முறையாக ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த காலணி) அணிகிறேன். முன்கால் தரையில் சிக்கிக்கொள்வது போன்ற உணர்வும் இருக்கிறது. கோளாறு பிடியிலா, பந்தை விடும் விதத்திலா? தூஸ்ரா (ஆஃப் ஸ்பின் போலவே வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) கற்றுக்கொண்டால் தீர்வு கிடைக்குமா?

பள்ளத்தூர் கீப்பர்:
தம்பி, ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மேட்டில் திரும்பியது என்பதை வைத்து உங்கள் ரிலீஸ் சரியாக இருந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். தென்னைநார், பந்தின் எந்தப் பக்கம் விழுந்தாலும் பிடித்துத் திருப்பிவிடும். தையல் படுகிறதா, தோல் படுகிறதா என்று அது பார்ப்பதில்லை. டர்ஃபில் தையல் தரையில் பட்டால்தான் பந்து உறுதியாகக் கவ்வும். ஆகவே பிட்ச் ஆன பிறகு என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, கையிலிருந்து கிளம்பிய பந்து காற்றில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு பழைய பந்தின் ஒரு பாதிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். கைப்பேசியில் வினாடிக்கு 240 சட்டம் (ஃப்ரேம்) பிடிக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால், நடுவர் நிற்கும் இடத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை சட்டம் ஆகிறது, தையல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற இரண்டும் தெரிந்தால், மீதியை இங்குள்ள பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

காரைக்குடி ஆஃப்ஸ்பின்:
எடுத்துப் பார்த்தேன் அண்ணே. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 சட்டம் ஆகிறது. தையல் நிமிர்ந்து நிற்கவில்லை. பந்தின் இடுப்பைச் சுற்றிக் கிடையாகப் படுத்துக்கொண்டு, தள்ளாடியபடி போகிறது. பந்தை விடும் கணத்தில் என் கை காதை ஒட்டி வராமல் வெளியே தாழ்ந்து வருகிறது, விரல்கள் பந்தின் அடியில் போகின்றன. முன்காலில் முழுத் திருப்பமும் இல்லை; இடுப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

தேவகோட்டை பயிற்சியாளர்:
கோளாறு பிடியில் இல்லை, சுழற்சியின் அச்சில் இருக்கிறது. தையல் கிடையாகப் படுத்தால் அச்சு செங்குத்தாகிவிடும். அப்படிச் சுழலும் பந்து காற்றில் கொஞ்சம் விலகிப் போகலாம், ஆனால் தரையில் தோல் பட்டு நேராக வழுக்கும். இதை அண்டர்கட் என்பார்கள். பெரிய ஸ்பின்னர்கள் இதை வேண்டுமென்றே, எப்போதாவது, ஏமாற்றுவதற்கு வீசுவார்கள். உங்களிடம் இதுவே வழக்கமான பந்தாகிவிட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் பயிற்சியில் எதற்கு முதலிடம் தருவது என்று தெளிவாகும். 12 சட்டம் என்றால் வினாடிக்கு 20 சுற்று, நிமிடத்துக்கு 1200. எட்டுச் சட்டமாக வந்தால் 1800. பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. வரை, எனவே 1800 சுற்றில்கூடப் பந்தின் மேற்பரப்பு மணிக்கு 24 கி.மீ. அளவில்தான் நகர்கிறது, பந்தோ 80 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. தரையின் உராய்வு இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறது. முன்வேகம் கூடக்கூட, பக்கவாட்டுத் திருப்பத்துக்குக் கிடைக்கும் பங்கு குறையும். அதற்கு மேல், தட்டையாக வரும் பந்து தரையில் அழுந்தி இறங்குவதில்லை. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். மேட்டில் உராய்வு மிகுதியாக இருப்பதால் இந்தக் குறைகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. டர்ஃபில் மறைய இடமில்லை.

ஆகவே முதல் வேலை தையலை நிமிர்த்துவது. வலக்கை பேட்ஸ்மேனுக்கு வீசும்போது தையல் லெக் ஸ்லிப்பை (பேட்ஸ்மேனுக்குப் பின்னால், கீப்பருக்கு லெக் பக்கத்தில் உள்ள இடம்) நோக்கி நிற்க வேண்டும். அப்படி விட்டால் பக்கச் சுழற்சியோடு மேற்சுழற்சியும் (டாப்ஸ்பின், பந்து முன்னோக்கி உருளும் சுழற்சி) கலந்து வரும். மேற்சுழற்சிதான் பந்தைப் பேட்ஸ்மேனுக்கு முன்னால் சட்டென்று இறக்குகிறது, செங்குத்தாக விழ வைக்கிறது, எகிறவும் வைக்கிறது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் குறுக்கே அகன்று இருக்கட்டும். முதல் கணு தையலின் மேல் அழுந்த வேண்டும். கையைப் பந்தின் மேலிருந்து கொண்டு வந்து, நம் ஊர்ப் பழைய வீட்டு முன்கதவுப் பூட்டில் பெரிய சாவியை வலப்பக்கம் திருகுவதைப் போலத் திருப்புங்கள். விரல் பந்தின் அடியில் புகுந்துவிட்டால் தையல் மீண்டும் படுத்துவிடும்.

இதை ஓடிவந்து செய்து பார்க்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் நிற்கும் நண்பருக்குப் பந்தைச் சுழற்றிப் போடுங்கள். தையல் தள்ளாடாமல் போகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். சுழற்சி எண்ணிக்கையை இப்போது எண்ணவே வேண்டாம். 1200 சுற்றாக இருந்தாலும் அச்சு சரியாக இருந்தால் டர்ஃபில் திரும்பும். 1800 சுற்றும் அச்சு தவறாக இருந்தால் வழுக்கும்.

அடுத்தது கால். முன்கால் உறுதியாக ஊன்றி, பாதத்தின் முன்பகுதியில் உடல் முழுவதும் சுழன்று, வலப்பக்க இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்க்க வேண்டும். வலக்கை இடத் தொடையைத் தாண்டி முடிய வேண்டும். ரப்பர் அடியில் இந்தச் சுழற்சி தானாக நடந்தது. முழு ஸ்பைக்ஸ் தரையைக் கவ்வுவதால் உடல் நிற்கிறது, உடல் நின்றதும் கை வெளியே விழுந்து பந்தின் அடியில் போகிறது. ஆகவே உங்களுக்குக் கையில் தெரியும் கோளாறுக்குக் காலிலும் ஒரு காரணம் உண்டு. முழங்காலில் வலி தொடங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கானாடுகாத்தான் ரசிகன்:
இவ்வளவு சிக்கல் எதற்கு? வேகத்தைக் குறைத்து மெதுவாகப் போட்டாலே டர்ஃபில் திரும்புமே.

தேவகோட்டை பயிற்சியாளர்:
பாதி சரி. வேகம் குறைந்தால் திருப்பத்துக்கான பங்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் மேற்சுழற்சி இல்லாத மெதுவான பந்து இறங்காது, மிதக்கும். லீக் அளவில் அதைச் சைட் ஸ்கிரீனுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் நிமிர்ந்த பிறகு வேகத்தை 80 பக்கம் கொண்டு வரட்டும். வலைப்பயிற்சியில் பிட்ச்சின் குறுக்கே, பேட்ஸ்மேனின் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கயிறு கட்டி, பந்து அதைத் தாண்டிப் போய் ஸ்டம்பிலிருந்து நாலு மீட்டர் அளவில் விழும்படி வீசினால், உயரமும் நீளமும் சேர்ந்தே பழகும். மேட்டில் பந்து எகிறுவதால் குட்டையான நீளமும் தப்பித்துவிடும்; தம்பியின் பந்து குட்டையாக விழுவதற்கு அந்தப் பழக்கமும் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற நடுவர்:
தூஸ்ரா பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கை தோள்மட்டத்தை எட்டியதிலிருந்து பந்து கையை விட்டுப் பிரியும்வரை முழங்கை நிமிரக் கூடாது என்பதே விதி. சர்வதேச ஆட்டங்களில் ஆய்வகத்தில் அளந்து 15 பாகை வரை பொறுத்துக்கொள்கிறார்கள். உள்ளூர் நடுவரிடம் அந்தக் கருவி எதுவும் இல்லை. கண்ணுக்கு எறிவது போலத் தெரிந்தால் நோ பால்தான். மணிக்கட்டைப் பின்புறமாகத் திருப்பி எதிர்த்திசையில் சுழற்ற முயலும்போது முழங்கை மடங்கி நிமிர்வது மிக எளிதாக நிகழ்ந்துவிடும். தூஸ்ராவுக்குப் பெயர்பெற்ற பாகிஸ்தானின் சயீத் அஜ்மலே, முழங்கை அளவுக்கு மேல் நிமிர்ந்ததால், 2014ஆம் ஆண்டில் பந்துவீசத் தடைசெய்யப்பட்டார். வழக்கமான பந்தே திரும்பாத நிலையில், மாற்றுப் பந்து யாரை ஏமாற்றப் போகிறது என்பதையும் யோசியுங்கள் தம்பி. மாறுபட்ட பந்து வேண்டுமென்றால், அஸ்வின் வீசிப் புகழ்பெற்ற சொடுக்குப் பந்து (கேரம் பால், விரலால் சொடுக்கி விடுவது) விதிக்கு உட்பட்டு வீசக்கூடியது. ஆனால் அதுவும் அடுத்த பருவத்துக்கு இருக்கட்டும்.

காரைக்குடி ஆஃப்ஸ்பின்:
ஐயா, அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி. நின்ற இடத்திலிருந்து போடும்போது தையல் இப்போது நிமிர்ந்தே போகிறது. சில அடிகள் நடந்து வந்து போட்டாலும் பரவாயில்லை. முழு ஓட்டம் ஓடினால்தான் மீண்டும் சாய்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. புதிய முறையில் வீசுவதா, பழையபடியே வீசி ஒப்பேற்றுவதா?

தேவகோட்டை பயிற்சியாளர்:
புதிய முறையிலேயே வீசுங்கள், ஆனால் தையல் சாயாத அளவுக்கு ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டு. ஸ்பின்னருக்கு நீண்ட ஓட்டத்தால் கிடைப்பது குறைவு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நிறுத்தி வீசி, கவர் பகுதியைத் திறந்து வையுங்கள். சுழற்சிக்கு எதிராக ஓட்டி அடிக்க அவர்கள் முயலட்டும். மிட் விக்கெட்டிலும் ஷார்ட் லெக்கிலும் ஆள் வேண்டும் என்று கேப்டனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மேட்டில் கிடைத்த எகிறல் இங்கே கிடைக்காது என்பதால் ஷார்ட் லெக் இன்னும் ஓரடி நெருங்கி நிற்க வேண்டியிருக்கும். நண்பர் யாராவது வந்தால் உங்கள் முதல் ஓவரைப் படம் பிடிக்க வேண்டாம், ஐந்தாவது ஓவருக்குப் பிறகு பிடிக்கச் சொல்லுங்கள். களைத்த பிறகுதான் கை தாழும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் என்ன செய்வது என்று முடிவு செய்யலாம்.