வல்லரசு என்பதற்கு அளவுகோல் எது? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் கல்லூரிக் கருத்தரங்கில் வல்லரசுகளைப் பற்றிப் பேச வேண்டும். நான்கு நாட்களாகச் சூயஸ் கால்வாயிலேயே தரைதட்டி நிற்கிறேன்.

1956-இல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்க, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து எகிப்தைத் தாக்கின. கால்வாயின் வடக்கு வாயிலிலுள்ள போர்ட் சயீத் துறைமுகத்தில் படைகள் இறங்கின. களத்தில் தோல்வி இல்லை. பிரிட்டனிடம் 1952 முதலே அணுகுண்டு, ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்). ஆனால் பவுண்டு தள்ளாடியது; பன்னாட்டு நிதியத்தின் கடனுக்கு அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் அரசு முட்டுக்கட்டை போட்டது. டிசம்பருக்குள் பிரிட்டனும் பிரான்சும் மூட்டை கட்டிவிட்டன!

அப்படியானால் கப்பலும் குண்டும் போதாதா, கஜானாதான் கடைசிச் சொல்லா? அப்போது சோவியத் ஒன்றியமும் பிரிட்டனையும் பிரான்சையும் மிரட்டியதே, அதற்கு இதில் எவ்வளவு பங்கு? இதைத் தெளிவாக விளக்கும் தமிழ்க் கட்டுரையோ நூலோ தெரிந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் புண்ணியமாகப் போகும்.