குமரிக்கண்டம் மெய், கடல் ஏறுவது மட்டும் பொய்யா?

அரைக்காசு:
நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் காணொளி ஒன்றை அனுப்பினார். கடலுக்கடியில் குமரிக்கண்டத்துக் கோயிலாம். பச்சை நீர், பின்னணியில் உறுமி, ஏழுநிலைக் கோபுரம், சுதைச் சிற்பங்களுக்கு நடுவே வரிவரியாக ஆரஞ்சு மீன்கள். பத்தாயிரம் ஆண்டுப் பழமை என்று கீழே ஓடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். துவாரபாலகருக்கு ஒரு கையில் ஆறு விரல். கல்வெட்டு என்று காட்டியதில் இருந்தது தமிழும் இல்லை, தமிழியும் இல்லை, ஜிலேபி பிழிந்த மாதிரி ஏதோ. இவ்வளவு உயரக் கோபுரம் கட்டுவது சோழர் காலக் கடைசியில்தானே பெருகியது என்று கேட்டேன். "தமிழனுக்குத் தமிழனே எதிரி" என்றார்.

அது பழகிய வசைதான், விடுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே மாமா, அதே குழுவில் இன்னொன்று அனுப்பினார்: கடல்மட்டம் உயர்கிறது என்பதெல்லாம் நம்மைத் தொழில் வளர்க்க விடாமல் செய்ய வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை. ஆக, கடல் ஒரு கண்டத்தையே விழுங்கியதாம், ஆனால் நாலு விரற்கடை ஏறாதாம். ஒரே ஆள் எப்படி இரண்டையும் நம்புகிறார்? அப்படிப்பட்டவர் யாராவது இருந்தால் எனக்குப் புரியவையுங்கள்.

பஃறுளியான்:
நான் இருக்கிறேன். அந்தக் காணொளியை விடுங்கள், அது எந்திரம் வரைந்த பொம்மை, நானும் நம்பவில்லை. ஆனால் "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலம்பின் காடுகாண் காதை சொல்கிறதே, அதுவும் எந்திரம் எழுதியதா? "மலிதிரை ஊர்ந்துதன் மண்கடல் வௌவலின்" என்கிறது முல்லைக்கலி. புறநானூறு 9-ஆம் பாட்டில் நெட்டிமையார் பஃறுளி ஆற்று மணலைவிடப் பல நாள் வாழ்க என்று பாண்டியனை வாழ்த்துகிறார். மூன்று நூலும் கூடிப் பேசிப் பொய் சொல்லின என்கிறீர்களா?

சந்தேகப்படுவது ஒன்றும் பெரிய அறிவு இல்லை ஐயா. சங்கப் பாட்டில் வரும் நகரமெல்லாம் புலவன் கற்பனை என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகமே காலம் சொன்னது. சந்தேகம்தான் தோற்றது.

இனி பருவநிலை. பனியுகம் முடிந்தபோது கடல் 120 மீட்டர் ஏறியது. அப்போது யார் கார் ஓட்டினார்கள்? எந்த ஊரில் அனல்மின் நிலையம் இருந்தது? தானாக ஏறிய கடல் இப்போதும் தானாக ஏறுகிறது. அதற்கு என் டிவிஎஸ் ஐம்பதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எப்படி? கடல் எப்போதும் ஏறும், இறங்கும். இதுதான் என் கட்சி, இரண்டுக்கும் பொருந்துகிறது. முரண் எங்கே?

டீக்கடை பெஞ்ச்:
மாமாவுக்கு வக்கீல் கிடைத்துவிட்டார். அரைக்காசு அண்ணே, வாய்தா வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிடிமலை:
எனக்கு இரண்டிலுமே நம்பிக்கை கிடையாது, ஆகவே நடுவர் ஆகத் தகுதி உண்டு.

முதலில் குமரி. முச்சங்கக் கணக்கு இறையனார் அகப்பொருள் உரையில் வருகிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. ஒரு தாளை எடுத்து மூன்றையும் 37-ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மிச்சமே இல்லை. வரலாறு இப்படி வாய்ப்பாடு மாதிரி நடக்குமா? அரசர்கள் முறையே 89, 59, 49 பேர். வகுத்தால் முதற்சங்கத்துப் பாண்டியன் ஒவ்வொருவனும் சராசரி 50 ஆண்டு ஆண்டிருக்க வேண்டும், இடைச்சங்கத்தான் 63 ஆண்டு. அத்தனை பேரும் தொட்டிலிலேயே முடிசூடினார்களா?

சிலம்புக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இன்னும் ஒரு படி மேலே. கடல்கொண்ட நிலம் 700 காவதம் என்கிறார். காவதம், அதாவது காதம், பத்து மைல் என்று என் பாட்டி சொல்லுவாள். அப்படியானால் 7000 மைல், 11,000 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே போனால் 8000 கிலோமீட்டர் சொச்சத்தில் அண்டார்டிகா வந்துவிடும். பாண்டியன் பென்குயினுக்கும் வரி போட்டிருக்கிறான்.

இதே கண்ணால்தான் பருவநிலையையும் பார்க்கிறேன். 1970களில் பனியுகம் வருகிறது என்று பத்திரிகைகள் பயமுறுத்தின. இப்போது வேகிறது என்கிறார்கள். நாளை என்னவோ. எல்லாம் அந்தந்தக் காலத்து சினிமா.

பாறைமண்:
கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஃறுளியான் சொன்ன 120 மீட்டர் சரியான எண். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல் அவ்வளவு கீழே இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே மீனவர்கள் போகிற வாட்ஜ் பேங்க் மேடு அன்றைக்குப் பெரும்பாலும் தரை. பாக் நீரிணை இன்றும் ஆழமில்லாத கடல்தான், ஏழாயிரம் ஆண்டு வாக்கில் வரைக்கும் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். நிலம் போனது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் எவ்வளவு நிலம்? குமரிக்குத் தெற்கே சில பத்துக் கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கடல்தளம் மாடிப்படியிலிருந்து கால் தவறின மாதிரி ஆயிரக்கணக்கான மீட்டர் சரிகிறது. பனியுகத்தில் உறைந்த அளவு நீரை மறுபடி உறையவைத்தாலும் அந்த ஆழம் வெளியே தெரியாது. பன்மலை அடுக்கமும் அடியார்க்குநல்லார் சொல்லும் 49 நாடும் வைக்க அங்கே இடம் போதாது. நீங்கள் சாட்சியாகக் கொண்டுவந்த அதே 120 மீட்டர்தான் கண்டத்தை இல்லை என்கிறது.

குமரிக்கண்டத்துக்கு இன்னொரு பெயராகச் சொல்கிற லெமூரியா என்ற பெயருக்கும் தமிழுக்கும் தொடக்கத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் உள்ள லெமூர் வகைக் குரங்குகளின் உறவுகள் இந்தியப் பக்கமும் இருப்பதைப் பார்த்து, நடுவே நிலம் இருந்திருக்கும் என்று ஊகித்து வைத்த பெயர். லத்தீனில் லெமூர் என்றால் பேய். பிறகு பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் அங்கே முட்டையிடும் மனித இனத்தைக் குடிவைத்தார். அதற்குப் பிறகுதான் நம்மவர்கள் அந்தப் பெயரை எடுத்துச் சிலப்பதிகாரத்தோடு ஒட்டினார்கள். கண்டங்களே நகர்கின்றன என்று 1960களில் உறுதியானதும் ஸ்கிளேட்டரின் பாலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நாம் மட்டும் இன்னும் அதில் நடந்துகொண்டிருக்கிறோம்.

பஃறுளியான்:
மொரீஷியஸ் தீவில் 300 கோடி ஆண்டுப் பழைய சிர்க்கான் என்ற கனிம மணிகள் கிடைத்ததாக 2017-இல் செய்தி வந்ததே? அடியில் மூழ்கிய கண்டத்துண்டு இருக்கிறது என்று விஞ்ஞானிகளே சொன்னார்களே?

பாறைமண்:
சொன்னார்கள், உண்மை. அந்தத் துண்டு உடைந்து சிதறத் தொடங்கியது எட்டுக் கோடி ஆண்டு வாக்கில். அப்போது டைனோசர்கள் இருந்தன. தலைச்சங்கத்தில் தலைமை தாங்க வேண்டுமானால் அவைதான் தாங்கியிருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்ச்:
சராசரி ஆட்சிக்காலம் 50 ஆண்டு என்பது இப்போது புரிகிறது.

அரைக்காசு:
பாறைமண் ஐயா, வெள்ளிடிமலைக்கும் பதில் சொல்லுங்கள். மாமா அனுப்பியதில் "பனியுகப் புரளி"யும் இருந்தது.

பாறைமண்:
1970களில் அப்படி எழுதியது பத்திரிகைகள். ஆய்வாளர்கள் என்ன எழுதினார்கள் என்று பிற்பாடு ஒரு குழு எண்ணிப் பார்த்தது. 1965 முதல் 1979 வரை வந்த கட்டுரைகளில் குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44. வெள்ளிடிமலை அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு இதழே படித்த மாதிரி பேசுகிறார்.

பஃறுளியானின் "தானாக ஏறியது" வாதத்தைத்தான் மதிக்கிறேன், அதில் சரக்கு இருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அன்று கடல் இன்றைவிட வேகமாக ஏறிய காலங்கள் உண்டு. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறியது தொடங்கிவைத்தது, காற்றில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 180 பங்கிலிருந்து 280 பங்காகக் கூடியது இன்னும் தள்ளியது. அதற்கே பல்லாயிரம் ஆண்டு ஆயிற்று. அப்புறம் ஆறேழாயிரம் ஆண்டாகக் கடல் ஏறக்குறைய சும்மா இருந்தது. நம் கொற்கை, புகார், நாகை எல்லாம் அந்தச் சும்மா இருந்த கடலை நம்பி எழுந்தவை. இப்போது அதே வாயு 280-இலிருந்து 420-ஐத் தாண்டிவிட்டது, இருநூற்றுச் சொச்சம் ஆண்டில். செயற்கைக்கோள் அளக்கத் தொடங்கிய 1993-இலிருந்து கடல் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஏறும் வேகம் இரண்டு மடங்காகியிருக்கிறது.

என் தாத்தா, அவர் தாத்தா எல்லாரும் தானாகத்தான் செத்தார்கள். அதை வைத்துக் கொலை என்று ஒன்று கிடையாது என்று எந்த இன்ஸ்பெக்டரும் கோப்பை மூடமாட்டார். இந்தச் சாவு எப்படி என்றுதான் பார்ப்பார்.

பஃறுளியான்:
சரி, பிரேதப் பரிசோதனை எங்கே? கூடின வாயு எரிமலையிலிருந்து வரவில்லை, என் வண்டிப் புகையிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? வாயுவில் பெயரா எழுதியிருக்கிறது?

பாறைமண்:
எழுதியிருக்கிறது. நீங்கள் கொண்டாடுகிற கீழடியைக் கொண்டே காட்டுகிறேன்.

அந்த 580-ஐச் சொன்னது கார்பன் 14. உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் உள்ளே இருப்பது கரையத் தொடங்கும், 5730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுப் பிணங்கள், அவற்றில் கார்பன் 14 துளியும் மிஞ்சியிருக்காது. அதை எரித்துக் காற்றில் விட்டால் காற்றிலுள்ள கார்பன் 14-இன் பங்கு நீர்த்துப்போகும், பாலில் தண்ணீர் கலந்த மாதிரி. 1955-இலேயே ஹான்ஸ் சூஸ் என்பவர் இந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டார், மர வளையங்களை அளந்து. எரிமலை வாயுவிலும் கார்பன் 14 இருக்காது என்று மடக்குவீர்கள். ஆனால் ஓர் ஆண்டில் உலக எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது நாம் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

பிறகு அணுகுண்டுச் சோதனைகள் வந்து கார்பன் 14-ஐ எதிர்ப்பக்கம் ஏற்றிவிட்டன. இந்தக் குளறுபடியெல்லாம் வேண்டாமென்றுதான் காலக்கணிப்பில் "இன்று" என்றால் 1950 என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, கீழடிக்கு வயது சொன்ன ஆய்வகமும் உங்கள் வண்டிப் புகையைக் கணக்கில் வைத்தே வேலை பார்க்கிறது. அதே தராசு கீழடிக்கு நிறுத்தால் தங்கம், புகைக்கு நிறுத்தால் வெள்ளைக்காரன் சதியா?

வெள்ளிடிமலை:
இது எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். 37-ஆம் வாய்ப்பாட்டை மட்டும் விடமாட்டேன்.

சங்குக்குளி:
தூத்துக்குடிக்காரன். எங்கள் அப்பா சங்கு குளித்தவர். நான் கரையில் வேலை. ஒரு விஷயத்தில் பாறைமண் கட்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்பார்கள். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேமராவை நிறுத்திப் பருவநிலை மாற்றம் விழுங்கிய தீவுகள் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். அண்ணாச்சி, அந்தத் தீவுகளைக் கடல் மட்டும் விழுங்கவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் வந்து இறங்கும். வெள்ளையாக, மூளை மாதிரி வரிவரியாக, ஈரத்தில் நாறிக்கொண்டு. கரையில் குவித்து, காயவைத்து, சுண்ணாம்புக் காளவாசலுக்கு லாரியில் போகும். எங்கள் தெருவிலேயே பழைய சுவரைக் கொத்தினால் அந்தக் கல்தான் வரும். தீவைச் சுற்றி அலையைத் தடுத்து நின்ற வேலி அது. வேலியைப் பிடுங்கி வீடு கட்டினோம், தீவு கரைந்தது. எங்கள் பக்கத்து வான் தீவு பாதிக்கு மேல் போய், இப்போது சிமென்ட்டில் செயற்கைப் பவளப் பார் செய்து இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் பருவநிலைக் கணக்கில் எழுதினால் கல் எடுத்தவன் தப்பித்துக்கொள்வான். ஆனால் மிச்சமிருக்கும் பவளப் பார் கோடையில் தண்ணீர் சூடாகி வெளுத்துப்போவதையும் பார்க்கிறோம். அதை யாரும் லாரியில் ஏற்றவில்லை.

பாறைமண்:
குட்டு வாங்கிக்கொண்டேன். வகுப்பில் நானே அந்தத் தீவுகளைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பஃறுளியான்:
தோற்றுப்போனதாக எண்ணாதீர்கள். கண்டத்தைக் கைவிடுகிறேன். 49 நாட்டையும் விடுகிறேன். பஃறுளியை விடமாட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் கடற்கரை மூழ்கின கதைகள் கரையைச் சுற்றி 21 இடங்களில் கிடைத்தன, ஏழாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நினைவு என்று 2016-இல் ஆய்வே வந்தது. எழுத்தே இல்லாமல் அவர்களால் முடிந்தது, பாணர் மரபு இருந்த நம்மால் முடியாதா? வாட்ஜ் பேங்கில் ஓர் ஆறு ஓடியிருக்கலாம் இல்லையா?

பாறைமண்:
ஓடியிருக்கலாம். அது சின்ன ஆறாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆழிப்பேரலையோ 1964-இல் தனுஷ்கோடியை ஒரே இரவில் கொண்டுபோன மாதிரிப் புயலோகூட அப்படி ஒரு பாட்டை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். தேடித்தான் பார்க்க வேண்டும், கடலடியில், ஆறு விரல் இல்லாத ஆட்களை வைத்து.

அரைக்காசு:
37 கணக்கைக் குழுவில் போட்டேன். மாமா கால்குலேட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார் போல, அரை மணி நேரம் சத்தமே இல்லை. இப்போது கேட்கிறார்: "அப்படியானால் கடைச்சங்கமும் பொய்யா, மதுரையில் நடந்ததுகூடவா?" பதில் சொல்வதற்குள் அத்தை இடையில் புகுந்து, மீன் வாங்கப் போகச் சொல்லி அவரைக் கிளப்பிவிட்டார்.