குமரியில் இருந்துகொண்டே கச்சேரி வாய்ப்பு: திட்டங்கள் எதுவும் உதவுமா?

சுசீந்திரம்_பாட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 23. திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு முடித்துவிட்டு சுசீந்திரத்துக்கே திரும்பிவிட்டேன். இப்போதைக்கு வருமானம் என்றால் துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லித்தரும் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாடம்தான்.

கோயில் திருவிழாக்களில் பாடக் கூப்பிடுகிறார்கள், ஆனால் கணக்கு உதைக்கிறது. போன மாசியில் ஒரு கோயிலில் பத்தாயிரம் தந்தார்கள். வயலின்காரர் நெய்யாற்றின்கரையில் இருந்து வர வேண்டும், அவருக்கு நாலாயிரம். மிருதங்கத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு. வண்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு. பூ, சாப்பாடு எல்லாம் போக என் கையில் நின்றது எழுநூறு. கடமும் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அவருக்கென்ன!

டிசம்பர் சீசனில் மதியம் ஒரு மணி நேரம் தரலாம் என்று சென்னையில் ஒரு சபாவில் இருந்து பேசினார்கள். கூடவே ‘நன்கொடை’ என்று ஒரு தொகையும் சொன்னார்கள். கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

நம்ம ஊர் சரஸ்வதியை வருஷாவருஷம் பத்மநாபபுரத்தில் இருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி நடத்துகிறார்கள். எங்கள் சுசீந்திரத்து அம்மன் முன்னுதித்த நங்கையும் கூடப் போகிறாள். பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த அந்த மண்டபத்தில் 2006இல் முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். நம்ம எல்லையில் களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. ஆகவே நம்ம பக்கத்தில் இருந்து முடியாது என்று நான் நினைக்கவில்லை. வழிதான் தெரியவில்லை. வளரும் கலைஞர்களுக்கு என்று இருக்கும் திட்டங்களில் எது உண்மையில் பயன்படும்? இல்லை, சென்னையில் அறை எடுத்துத் தங்கித்தான் ஆக வேண்டுமா?

பழைய_பொருளாளர்:

மக்களே, முதலில் அந்தச் சபாவுக்கு ஒரு பைசா கொடுக்காதே. காசு கொடுத்து ஏறும் மேடையில் முன்வரிசையில் உன் அப்பாவும் சித்தப்பாவும்தான் இருப்பார்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் செலவு வேறு.

இரணியல் பக்கம் ஒரு கோயிலில் திருவிழாக் கணக்குப் பார்த்தவன் நான். வரவு செலவு நோட்டில் கண்டதைச் சொல்கிறேன். பாட்டுக்காரர்கள் எல்லாரும் கமிட்டித் தலைவரைத்தான் பார்க்க வருவார்கள். அது வீண். நம்ம ஊரில் பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மண்டகப்படி, அதாவது அன்றைய செலவை ஏற்கும் உபயம் உண்டு, நாலாம் திருவிழா இந்தக் குடும்பம், ஆறாம் திருவிழா அந்தச் சமுதாயம் என்று. அன்றைக்கு ராத்திரி மேடையில் என்ன நடக்கும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் மண்டகப்படிக்காரர். அவர் கையில் காசு இருக்கும், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. கடைசியில் மைக் செட்காரர் சொல்லும் கானமேளாவுக்கு (சினிமாப் பாட்டுக் கச்சேரி) அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். நீ போக வேண்டியது அந்த வீட்டுக்கு, அதுவும் நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால்.

அடுத்தது உன் கணக்கு. பத்தாயிரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உன் காசைத் தின்றது ஒற்றை நாள் கச்சேரி. நாங்கள் ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மூன்று கோயில் கமிட்டிகள் பேசி, ஒரே குழுவை அடுத்தடுத்த மூன்று நாள் வைத்தோம். கோயிலுக்கு எட்டாயிரம் வீதம் இருபத்து நாலாயிரம். வயலினுக்கு மூன்று நாளும் சேர்த்து ஒன்பதாயிரம், மிருதங்கத்துக்கு எட்டாயிரம், போக்குவரத்து இரண்டாயிரத்து ஐந்நூறு. ஊரிலேயே ஒரு வீட்டு மாடியில் தங்க இடம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. பாடின பையன் நாலாயிரத்து ஐந்நூறு கொண்டுபோனான். கோயில் ஒவ்வொன்றுக்கும் செலவு குறைவு, அவனுக்கு வரவு கூடுதல். மூன்றாம் நாள் அவன் பாடினதைக் கேட்டிருக்க வேண்டும்! முதல் நாள் பயந்து பயந்து எடுத்த தோடி ராகத்தை அன்றைக்கு நின்று நிதானமாகப் பாடினான். சீசனுக்கு ஒரு கச்சேரி என்றால் அந்த நிதானம் எப்போது வரும்?

திட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. வளரும் கலைஞர் என்று சால்வை போட்டு, தலைநகரில் ஒரு நாள் மேடை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதே பணத்தில் பாதியை ‘கச்சேரி வையுங்கள், பக்கவாத்தியச் செலவு எங்களுடையது’ என்று பத்து சின்ன ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன?

ஒரு எச்சரிக்கை. மைக் செட்காரரிடம் பாஸை (அடித்தொனியை) குறைக்கச் சொல்லி முன்னாலேயே பேசிவிடு. நம்ம ஆட்களுக்கு மிருதங்கம் நெஞ்சில் இடித்தால்தான் கச்சேரி.

வானொலி_நூற்றொன்று:

தங்கச்சி, பொருளாளர் ஐயா சொல்வது சரி. ஆனால் மண்டகப்படிக்காரர் ‘நீ யார்’ என்று கேட்டால் காட்ட ஒன்று வேண்டாமா? அதற்கு வானொலி. நாகர்கோவில் வானொலி 1984இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். சில வருஷம் அங்கே தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். ஆகாசவாணியில் ஆடிஷன் தேறினால் பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு உண்டு. ‘பி’ கிடைத்தாலே போதும், ‘ஆகாசவாணிக் கலைஞர்’ என்று நோட்டீஸில் போடுவார்கள். அடுத்த ஆடிஷன் எப்போது, எந்த நிலையத்தில் என்று கோணம் என்ற இடத்தில் இருக்கும் நாகர்கோவில் நிலையத்துக்கு நேரிலேயே போய் விசாரி.

உனக்கு உடனடியாகப் பொருந்துவது மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து வருஷம் பயின்றிருக்க வேண்டும். 23 ஆகிவிட்டது, தள்ளிப்போடாதே. அப்புறம் மாவட்டக் கலை மன்றத்தின் ‘கலை வளர்மணி’ விருது, 19 முதல் 35 வயது வரை. காசு பெரிதில்லை, ஆனால் வருகிற இடம் ஆட்சியர் கை. நம்ம மாவட்டம் கலை பண்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டலத்தில் வருகிறது, விண்ணப்பம் பற்றி அங்கே கேட்கலாம். தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்தையும் விட்டுவிடாதே. தமிழ்நாடு, கேரளம் இரண்டும் அதன் எல்லைக்குள் வருவதால் உன் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்களுக்கு வசதி.

(நம்ம ஊர்ப் பெயரோடு புகழ்பெற்ற வயலின் மேதை கன்னியாகுமரி அம்மா ஆந்திராவின் விஜயநகரத்துக்காரர். பெயரையாவது கொண்டுபோனார்களே என்று திருப்திப்பட்டுக்கொள்வேன்.)

தோவாளை_வில்லு:

கச்சேரி என்றாலே கர்நாடக சங்கீதம்தானா அண்ணாச்சிமாரே? எங்கள் வீட்டில் வில்லுப்பாட்டு. சரியாகச் சொன்னால், பொருளாளர் கேட்கும் திட்டம் எங்களிடம் எப்போதோ இருந்தது. சின்னப் பையனை முதலில் தாளக் கட்டையில் உட்கார வைப்பார்கள், பிறகு குடம், பிறகு இடத்தே, அதாவது பக்கப்பாட்டு பாட விடுவார்கள். கொடை (ஊர்க் கோயில் விழா) நடக்கும் ஊரில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் ‘நீ பாடுடே’ என்று தலைமைப் பாடகரான அண்ணாவி, வில்லில் தட்டும் வீசுகோலை என் கையில் கொடுப்பார். தப்பினால் அவர் எடுத்துக்கொள்வார். சம்பளம் குறைவு, ஆனால் பங்குனி, சித்திரை, ஆடி என்று சீசன் முழுக்க மேடை.

இப்போது கொடைக்குக் கொடை செண்டை மேளம் வந்துவிட்டது. வில்லுக்கு நேரத்தையும் ஆளையும் வெட்டுகிறார்கள், அதனால் பையன்களைக் கூட்டிப்போக முடியவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறது, நல்லதுதான். அட்டை மேடை தராது.

கருங்கல்_லீட்ஸ்:

நான் இங்கிலாந்தில் நர்ஸ். ஞாயிறு மதியம் ஒரு சின்ன ஊர் இசைச் சங்கத்தில் பியானோ கேட்கப் போவேன், டிக்கெட் மலிவு. வாசிக்கிறவர்கள் எல்லாரும் இருபது சொச்சம் வயசு. எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்டேன். கவுன்டெஸ் ஆஃப் மன்ஸ்டர் என்று 1958 முதல் ஒரு அறக்கட்டளை இருக்கிறதாம். அவர்கள் தேர்ந்தெடுத்த இளம் கலைஞரை ஊர்ச் சங்கம் கூப்பிட்டால், சங்கம் ஒரு பங்கு கொடுக்கும், மீதியை அறக்கட்டளை போடும். கலைஞருக்கு முழுச் சம்பளம். ஐயா சொன்ன மூன்று கோயில் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வருகிறது.

சுசீந்திரம்_பாட்டு:

எல்லாருக்கும் நன்றி. சபாவுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன், அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கல்லூரியில் கடிதம் கேட்டிருக்கிறேன். வில்லு அண்ணா, உங்கள் கொடை எங்கே என்றால் சொல்லுங்கள், கேட்க வருகிறேன்.

பொருளாளர் ஐயா, வயலின் சாரிடம் மூன்று நாள் சேர்த்துப் பேசினேன். தையில் முடியும் என்கிறார். நாகராஜா கோயில் திருவிழாவை ஒட்டி யாரையாவது பார்க்கலாமா? எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

பழைய_பொருளாளர்:

பார்க்கலாம். தைத் திருவிழாவுக்குக் கார்த்திகையிலேயே பேசிவிட வேண்டும். வடிவீஸ்வரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மண்டகப்படி வீடு உண்டு, தனிச் செய்தி அனுப்புகிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் வீடியோ வேண்டாம், பார்க்க மாட்டார்கள். அதில் ஒரு விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) கட்டாயம் இருக்கட்டும். பாட்டுகள் இயற்றிய நீலகண்ட சிவன் அந்த வடிவீஸ்வரத்துக்காரர், அவருடைய முகாரி ராகப் பாட்டு ஒன்றும் சேர்த்துக்கொள். ராகம் நீட்டாதே. அந்த வீட்டு ஆச்சிக்குப் பிடித்துவிட்டால் மற்ற இரண்டு கோயிலுக்கும் அவர்களே போன் போடுவார்கள்.