ஏர்லி வார்னிங் போடவா வேணாமா? பிஎம் வேணாங்குறார்

துவாஸ்_தம்பி:
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல அஞ்சு வருஷமா பிஎஸ்எஸ்சிஓசி (அரசாங்க வேலைக்கான பொது கான்ட்ராக்ட்) சைட்லயே இருந்துட்டு இப்பதான் என்இசி4 (பிரச்சனைய முன்னாடியே சொல்லி சேந்து தீத்துக்கச் சொல்ற கான்ட்ராக்ட்) போட்ட சைட்டுக்கு வந்திருக்கேன். போன வாரம் தோண்டுறப்ப டிராயிங்ல இல்லாத பழைய டக்ட் (மண்ணுக்கடில போற குழாய்) ஒண்ணு மாட்டுச்சு, பைலிங் ரிக்க (அஸ்திவாரத் தூண் எறக்குற மிஷின்) நகத்தணும், எப்படியும் பத்து நாள் போயிரும். ஏர்லி வார்னிங் (நாளோ காசோ கூடப் போற மாதிரி பிரச்சனை வருதுன்னு முன்னாடியே எழுதிக் குடுக்குறது) அனுப்பவான்னு எங்க கம்பெனி புராஜெக்ட் மேனேஜர், அதான் பிஎம்கிட்ட கேட்டா, "லெட்டர் போட்டா கிளையன்ட் மூஞ்ச தூக்குவான், கடைசில கிளைம்ல பாத்துக்கலாம், நீ சும்மா இரு"ன்னுட்டார். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் அவருக்கு, எதுத்துப் பேசவும் முடியல. என்ன பண்ண?

கியூஎஸ்_மாமா:
சும்மா இருந்தா காசு போச்சு தம்பி. வார்னிங் வேற, கிளைம் வேற. வார்னிங்னா வா உக்காந்து பேசுவோம்ங்குறது, அவ்ளோதான், கிளையன்ட் பக்கத்து பிஎம்மும் போடணும். நாளும் காசும் வேணும்னா காம்பன்சேஷன் ஈவென்ட்னு தனியா நோட்டிஃபை பண்ணணும், டக்ட் மாதிரி மேட்டருக்கு தெரிஞ்ச நாள்லேருந்து 8 வாரம்தான், ஸெட் கிளாஸ்ல (கிளையன்ட் தனியா சேத்த கண்டிஷன்) அத மாத்தியிருக்காங்களான்னும் பாத்துக்க. வார்னிங்கே குடுக்கலேன்னா, குடுத்திருந்தா எவ்ளோ ஆயிருக்குமோ அவ்ளோதான் தருவேன்னு அவங்க பிஎம் கணக்குப் போட இடம் இருக்கு. கடைசில பாத்துக்கலாம்னு நானும் பாக்ஸ் ஃபைலா சேத்து வெச்சவன்தான், ஒரு ஃபைனல் அக்கவுண்ட் (கடைசி பில் கணக்கு) மூணு வருஷம் இழுத்துச்சு, அதுக்குள்ள டிராயிங் போட்ட ஆளே வேலைய விட்டு ஊருக்குப் போயிட்டான் 😅

ரீபார்_ராஜா:
மேல பரஸ்பர நம்பிக்கை ஒத்துழைப்புன்னு கையெழுத்து, கீழ சப்கான்ட்ராக்டர் எங்களுக்கு அதே பழைய பிஓ (வேலை ஆர்டர்). எஸ்ஓபி ஆக்ட் (கட்டுமான வேலைக்கு காசு ஒழுங்கா கெடைக்கறதுக்கான சட்டம்) 2005லயே வந்துருச்சு, கிளையன்ட் குடுத்தாதான் குடுப்பேங்குற கண்டிஷன் செல்லாதுன்னு சட்டத்துலயே இருக்கு, இன்னிக்கும் எங்க மெயின் கான்ட்ராக்டர் "அவங்க இன்னும் போடல, வெயிட் பண்ணு"ன்றான். அட்ஜுடிகேஷன் (நடுவர்கிட்ட முறையிடுறது) போலாம்தான், அடுத்த வேலைய யார் குடுப்பா?

பிளானர்_அக்கா:
ராஜா சொல்றது வேற கதை ஆனா பயம் ஒண்ணுதான். எங்க பழைய சைட்ல ஒரு பிஎம்முக்கு "வார்னிங்"ங்குற அந்த பேர்தான் பிரச்சனை, நமக்கெல்லாம் வார்னிங் லெட்டர்னா ஆளத் தூக்குறதுக்கு முன்னாடி எச்ஆர் குடுக்குறதுதானே, அத நாமளே எழுதி அனுப்புறதான்னு குதிச்சார். நியர் மிஸ் (நூலிழைல தப்புன விபத்து) எழுதச் சொன்னப்பவும் யார மாட்டி விடப் போறீங்கன்னுதான் கேட்டாங்க, இப்ப பங்களாதேஷ் தம்பிங்ககூட படம் புடிச்சு வாட்ஸ்அப்ல போடுறாங்க. தம்பி, "லெட்டர்"னு வாயத் தொறக்காத. ஏர்லி வார்னிங் ரிஜிஸ்டர்ல ஒரு வரி, ரிவைஸ் பண்ண புரோக்ராம் (வேலை அட்டவணை), ரெண்டு போட்டோ, அவர் பேர்லயே டிராஃப்ட் பண்ணிக் குடு.

துவாஸ்_தம்பி:
நன்றிக்கா. டிராஃப்ட் அடிச்சு போட்டோவோட அவர் டேபிள்ல வெச்சேன். படிச்சார், "மூணாவது லைன்ல டெப்த் தப்பா இருக்கு"ன்னு பேனாவால திருத்திட்டு காப்பி குடிக்கப் போயிட்டார். இன்னும் அனுப்பல. காம்பன்சேஷன் ஈவென்ட்டுக்கு இருக்குற 8 வாரத்துல ஒரு வாரம் போச்சு.