476ல ரோம் விழுந்துச்சா இல்ல 1453லயா? ஒரே குழப்பமா இருக்கு

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் படிச்சது கணக்கு, இப்போ ஆர்வத்துல உலக வரலாற ஆரம்பத்துலேர்ந்து படிச்சிட்டு வரேன், கிரேக்கம் முடிச்சு ரோம் வரைக்கும் ஓரளவு புரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் தலை சுத்துது. ஒரு புத்தகத்துல 476ல ரோமப் பேரரசு முடிஞ்சுது, அதோட பண்டைய காலம் முடிஞ்சு இடைக்காலம் ஆரம்பம்னு போட்டிருக்கு. இன்னொன்னுல ரோமப் பேரரசு 1453 வரைக்கும் இருந்துச்சுன்னு இருக்கு. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷ வித்தியாசம்ங்க, ரெண்டுமே எப்படி சரியா இருக்க முடியும்? சரி 476தான்னு வெச்சுக்கிட்டாலும் அன்னைக்கு அப்படி என்னதான் நடந்துச்சு, ஒரு நாள்ல ஒரு காலமே மாறிடுமா? அப்புறம் இந்த நிலமானிய முறை, ஒரு முக்கோணம் வரைஞ்சு மேல ராஜா கீழ விவசாயின்னு காட்டுறாங்க, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

வெட்டிப்பேச்சு:
பரீட்சைன்னா 476 எழுதிட்டு போயிட்டே இருங்க ப்ரோ. கிழக்கு ரோம்னு கேட்டா 1453. இதுக்கு மேல யோசிச்சா தூக்கம் போயிடும், பேருலயே அரைத்தூக்கம்தான் மிச்சம் இருக்கு உங்களுக்கு.

பழையஏடு:
மேல சொன்னது மார்க் வாங்க போதும், புரிஞ்சுக்க போதாது.

அப்போ ரோமப் பேரரசு மேற்கு, கிழக்குன்னு ரெண்டு பேரரசர் கைல இருந்துச்சு. 476ல நடந்தது என்னன்னா, மேற்குல ரோமுலஸ் அகஸ்டுலஸ்னு ஒரு சின்னப் பையன் பேரரசரா உக்காந்திருந்தான். அகஸ்டுலஸ்னா குட்டி அகஸ்டஸ்னு அர்த்தம், கிண்டலா வெச்ச பேரு. உண்மையில ஆட்சி நடத்தினது அவன் அப்பா ஒரெஸ்டஸ், படைத்தலைவர். இத்தாலில இருந்த படையில முக்காவாசி ஜெர்மானியக் கூலிப்படை, அவங்க எங்களுக்கு இத்தாலி நிலத்துல மூணுல ஒரு பங்கு குடுன்னு கேட்டாங்க. ஒரெஸ்டஸ் முடியாதுன்னுட்டார். நான் தரேன்னு ஒடோவாக்கர்ங்கற அதிகாரி முன்னாடி வந்தார், படை அவர் பக்கம் சாஞ்சுது, ஒரெஸ்டஸ கொன்னாங்க, பையன மட்டும் பாவம் பாத்து உயிரோட விட்டு வருஷா வருஷம் பணமும் குடுத்து தெற்குப் பக்கம் அனுப்பி வெச்சாங்க. அவ்ளோதான். ரோம் நகரத்துல ஒரு கல்லு கூட விழல, தலைநகரமே அப்போ ராவென்னா, 402லயே மாத்தியாச்சு.

இதுக்கப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். ரோம் செனட்டு கிழக்கோட தலைநகரம் கான்ஸ்டான்டினோபிளுக்கு ஆள் அனுப்பி, மேற்குக்குன்னு தனியா ஒரு பேரரசர் எதுக்கு, நீங்க ஒருத்தரே போதும்னு கிழக்குப் பேரரசர் சீனோகிட்ட சொல்லிச்சு. அவர் பதிலுக்கு உங்களுக்கு ஏற்கனவே நெப்போஸ்னு ஒருத்தர் இருக்காரேன்னார். அந்த நெப்போஸ் முன்னாடியே துரத்தப்பட்டு கடல் தாண்டி டால்மேஷியால இருந்தார், 480ல அவர் கொலையாகற வரைக்கும் சட்டப்படி மேற்குப் பேரரசர் அவர்தான். அப்போ 480ன்னு சொல்லலாமே? சொல்றவங்களும் இருக்காங்க. 476தான் முடிவுன்னு நமக்குத் தெரிஞ்சு முதல்ல எழுதினவர் மார்செலினஸ்ங்கற வரலாற்று ஆசிரியர், அதுவும் சுமார் நாப்பது வருஷம் கழிச்சு, கான்ஸ்டான்டினோபிள்ல உக்காந்துக்கிட்டு.

அரைத்தூக்கம்:
அண்ணா செம்ம. அப்போ 476 சும்மா ஒரு நாற்காலி காலியானதுதான், உண்மையான மாற்றம் எப்போ?

பழையஏடு:
என்ன கேட்டா 439. அந்த வருஷம் வாண்டல்கள்ங்கற ஜெர்மானியக் கூட்டம் வட ஆப்பிரிக்கால இருக்கற கார்த்தேஜ் நகரத்த பிடிச்சாங்க. வட ஆப்பிரிக்காதான் மேற்கோட களஞ்சியம், தானியம் எண்ணெய் வரி எல்லாம் அங்கேர்ந்துதான் வந்துச்சு. ரோம் அரசு ஓடினதே நிலவரில, அந்த வரில பெரும்பங்கு படைக்குப் போச்சு. வரி போனா சம்பளம் போச்சு, சம்பளம் போனா படை போச்சு, படை போனா அடுத்த மாகாணம் போச்சு, அங்க வந்த வரியும் போச்சு. 468ல மேற்கும் கிழக்கும் சேர்ந்து பெரிய கப்பல்படை அனுப்பிப் பாத்தாங்க, வாண்டல்கள் தீக்கப்பல விட்டு நாசம் பண்ணிட்டாங்க. அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு நடந்ததுதான் 476. இப்போ மறுபடி பாருங்க, கூலிப்படை கேட்டது காசு இல்ல, நிலம். காசு வராதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு.

கிழக்குல இந்தக் கதை நடக்கல, ஏன்னா எகிப்தும் சிரியாவும் கைல இருந்துச்சு. 518ல பேரரசர் அனஸ்டாசியஸ் செத்தப்போ கஜானால 3,20,000 ராத்தல் தங்கம் இருந்துச்சுன்னு அந்தக் கால வரலாற்று ஆசிரியர் பிரக்கோபியஸ் எழுதி வெச்சிருக்கார். அதனாலதான் அது, ஒட்டோமான் துருக்கியர் கான்ஸ்டான்டினோபிள பிடிச்ச 1453 வரைக்கும் இழுத்துச்சு, நடுவுல 1204ல சிலுவைப் போர்க்காரங்களே கான்ஸ்டான்டினோபிள கொள்ளையடிச்சும் திரும்ப எழுந்துச்சு. கிழக்கு ரோமுக்கு பைசாண்டியம்ங்கற பேரு 16ம் நூற்றாண்டுக்கு அப்புறம் பரவினது, அவங்க கடைசி வரைக்கும் தங்கள ரோமர்னுதான் சொல்லிக்கிட்டாங்க. ஆக ரெண்டு புத்தகமும் தப்பு இல்ல.

மண்வெட்டி:
பழையஏடு சார் சொல்றது அரசியல் வரைக்கும் சரி. ஆனா இப்படியே பேசிட்டுப் போனா ஒண்ணுமே விழல, மெதுவா மாறிச்சுன்னு ஆயிடும், இப்போ நிறைய பேர் அப்படித்தான் எழுதறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மண்ணுக்குள்ள இருக்கறத பாருங்க. ரோம் நகரத்துல மான்டே டெஸ்டாச்சியோன்னு சுமார் 35 மீட்டர் உயரத்துல ஒரு குன்று இருக்கு, குன்று முழுக்க உடைஞ்ச எண்ணெய் ஜாடி. ஸ்பெயின்லேர்ந்தும் ஆப்பிரிக்காலேர்ந்தும் கப்பல்ல வந்த ஜாடிகள உடைச்சுப் போட்டு போட்டு வந்த குப்பை மேடு அது. அந்த அளவுக்கு வியாபாரம். பிரிட்டன்ல அஞ்சாம் நூற்றாண்டுல காசுப் புழக்கமே நின்னுபோச்சு, சக்கரத்துல பானை செய்யறதையே விட்டுட்டாங்க, கையால பிடிச்ச சட்டிதான். ஓட்டு வீடு போய் கூரை வீடு வந்துச்சு. மாட்டு எலும்ப அளந்து பாத்தா இத்தாலில மாடு கூட சிறுத்துப்போச்சு. யார் பேரரசர்னு ஊர்ல ஒரு விவசாயிக்குத் தெரியாம இருந்திருக்கலாம், நல்ல பானை கிடைக்கலன்னா தெரியாம இருக்குமா?

அப்புறம் ஒரு கொடுமை. ரோம் நகரத்துக்கு பெரிய அடி 476ல இல்ல, 535லேர்ந்து 554 வரைக்கும் நடந்த கோத்தியப் போர்ல. அத ஆரம்பிச்சது கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், இத்தாலிய மீட்கறேன்னு கிளம்பினவர். 537 முற்றுகைல, அப்போ இத்தாலிய ஆண்டுட்டு இருந்த ஜெர்மானியர்களான கோத்துகள் நகரத்துக்கு வர்ற தண்ணிக் கால்வாய்கள வெட்டிட்டாங்க. ஒரு காலத்துல 10 லட்சம் பேர் இருந்ததா கணக்கு சொல்ற ஊரு, சில பத்தாயிரத்துக்கு இறங்கிடுச்சு.

கிழக்குக்காத்து:
நான் வேற ஒண்ணு கேக்கறேன், ஏன் எல்லாரும் ரோம சுத்தியே வரீங்க? இடைக்காலம்ங்கற பேரே இத்தாலிக்காரங்க தங்களுக்கு வெச்சுக்கிட்டது. 14ம் நூற்றாண்டுல பெட்ரார்க்னு ஒரு இத்தாலியக் கவிஞர் பழைய ரோம் வெளிச்சம், அதுக்கு அப்புறம் இருட்டுன்னு பேச ஆரம்பிச்சார், 17ம் நூற்றாண்டு கடைசில செல்லாரியஸ்னு ஒரு ஜெர்மன் பேராசிரியர் பண்டைய, இடை, புதியன்னு மூணா பிரிச்சு பாடப்புத்தகம் எழுதினார், அதத்தான் இன்னும் சுமக்கறோம். சீனாவுக்கு 476 ஒண்ணுமே இல்ல. அங்க ஹான் வம்சம் 220ல போச்சு, 589ல சுயி வம்சம் திரும்ப ஒண்ணு சேர்த்துச்சு, 618ல தாங் வந்துச்சு. சீனா திரும்ப ஒட்டிக்கிச்சு, மேற்கு ஐரோப்பா ஒட்டல, கேக்க வேண்டிய கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது. இஸ்லாமிய உலகத்துக்கு 622ல ஆண்டுக் கணக்கே புதுசா ஆரம்பிக்குது, 762ல பாக்தாத் கட்டி கிரேக்க நூல்கள அரபில மொழிபெயர்த்துட்டு இருந்தாங்க, அவங்களுக்கு எது இருண்ட காலம்?

அரைத்தூக்கம்:
ஐயோ இது நான் யோசிக்கவே இல்ல. அப்போ நிலமானிய முறை?

பழையஏடு:
அதுக்கு விதை மேலயே போட்டாச்சு, சம்பளத்துக்குப் பதிலா நிலம். வரி வாங்கி படைக்கு சம்பளம் குடுக்கற இயந்திரம் மேற்குல நின்னதும், புது ராஜாக்கள் ஆளுங்களுக்கு நிலத்த குடுத்து விசுவாசத்த வாங்கினாங்க. லத்தீன்ல அந்த நிலத்துக்கு ஃபியூடம்னு பேரு. வாங்கினவன் மண்டி போட்டு, ரெண்டு கையையும் பிரபு கைக்குள்ள வெச்சு, நான் உங்க ஆளுன்னு சொல்லணும்.

ஆனா அந்த முக்கோணத்த நம்பாதீங்க. அது ஓரளவு பொருந்தறது 1066க்கு அப்புறம் இங்கிலாந்துக்கு, நார்மண்டிப் பிரபு வில்லியம் மொத்த நாட்டையும் பிடிச்சு அவரே பங்கு போட்டதால. மத்த இடத்துல ஒரே ஆளு ரெண்டு மூணு பிரபுக்கு சத்தியம் பண்ணியிருப்பான், அவங்களுக்குள்ள சண்டை வந்தா யார் பக்கம் போறதுன்னு முழிப்பான். இங்கிலாந்து ராஜாவே நார்மண்டிப் பிரபுங்கற முறைல பிரான்ஸ் ராஜாவுக்கு கீழ்ப்பட்டவர், இத எந்த முக்கோணத்துல வரையறது? இது எப்போ ஆரம்பிச்சதுன்னு யாரும் தேதி சொல்ல முடியாது, ஆனா ஒழிச்ச தேதி இருக்கு, 1789 ஆகஸ்ட், பிரெஞ்சு தேசிய சபை. ஒழிக்கறதுக்காகத்தான் பல விஷயத்த ஒரே பேருக்குள்ள கட்டினாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மண்வெட்டி:
அதுல சண்டை இல்ல சார். ரோம் எப்போ முடிஞ்சுதுங்கறதுக்கு மட்டும் ஒரு குட்டிக் கதை. 1912ல கிரேக்கக் கடற்படை லெம்னோஸ் தீவ பிடிச்சப்போ சிப்பாய்கள வேடிக்கை பாக்க பசங்க ஓடி வந்தாங்களாம். என்னடா பாக்கறீங்கன்னு ஒரு சிப்பாய் கேட்டிருக்கான். ஹெலனியர்கள, அதாவது கிரேக்கர்கள, பாக்க வந்தோம்னாங்க. ஏன், நீங்க ஹெலனியர் இல்லையான்னா, இல்ல, நாங்க ரோமர்னு சொன்னாங்களாம். அந்தத் தீவுல பிறந்து பின்னாடி வரலாற்றுப் பேராசிரியர் ஆன ஒருத்தர் சொன்னது இது.

வெட்டிப்பேச்சு:
இப்போ பரீட்சைல 1912னு எழுதவா?