வதை முகாமில் எண் கொடுத்தது எதற்கு? ஒரு மாணவியின் கேள்வி

தாமிரபரணி_டீச்சர்:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நாசிசம் பாடம் வரும். போன வாரம் வதை முகாம்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், கொல்றதுக்குத்தானே கூட்டிட்டுப் போனாங்க? அப்புறம் எதுக்கு நம்பர், யூனிஃபார்ம், படுக்கை, சூப்பெல்லாம்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று சமாளித்தேன். அந்த நாளை வந்து நாலு நாள் ஆகிறது. எல்லா முகாமும் ஒரே மாதிரிதானா? உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பேப்பர்:
டீச்சர், உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நாம் எல்லாவற்றையும் 'வதை முகாம்' என்ற ஒரே பெயரில் போட்டு வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது.

செல்ம்னோ, பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா. போலந்து மண்ணில் இருந்த இந்த நான்கும் கொல்வதற்கென்றே கட்டப்பட்டவை. அங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு எண்ணும் இல்லை, படுக்கையும் இல்லை. ட்ரெப்ளிங்காவில் ரயிலைவிட்டு இறங்கிய பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிணம் சுமக்கவும் துணிகளைத் தரம் பிரிக்கவும் சில நூறு பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். 1942 ஜூலையில் தொடங்கி ஓராண்டு சொச்சத்தில் அந்த ஒரு இடத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

டாஹாவ் கதை வேறு. 1933 மார்ச் 22 அன்று திறந்தார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூனிக் பக்கத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வெடிமருந்து ஆலைதான் இடம். கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கத்தார் என்று அரசியல் எதிரிகளைத்தான் முதலில் அடைத்தார்கள். ரகசியமாக அல்ல, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்துவிட்டே செய்தார்கள். போருக்கு முன்பு இப்படிப்பட்ட முகாம்களிலிருந்து ஆட்களை விடுவிப்பதும் உண்டு.

போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமில் கொலை, கட்டாய வேலை இரண்டும் ஒரே இடத்தில் நடந்தன. சுமார் 13 லட்சம் பேரைக் கொண்டுவந்தார்கள், சுமார் 4 லட்சம் பேருக்குத்தான் எண் கொடுத்தார்கள். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்த நாளிலேயே நச்சுவாயு அறைக்குப் போனார்கள். ஆக, எண் கிடைத்தது என்றால் "இன்றைக்குக் கொல்லவில்லை, முதலில் வேலை வாங்கப் போகிறோம்" என்று பொருள்.

ரவி_திருச்சி:
எல்லா முகாமிலும் கையில் பச்சை குத்தினார்கள் அல்லவா? அந்த எண்ணைத்தானே சொல்கிறீர்கள்?

பழைய_பேப்பர்:
இல்லை ரவி, பச்சை குத்தியது ஆஷ்விட்ஸிலும் அதைச் சேர்ந்த கிளை முகாம்களிலும் மட்டும். மற்ற இடங்களில் எண்ணைத் துணியில் அச்சடித்துச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டோவியம்:
டீச்சர், நான் ஜெர்மனியில் வைமார் என்ற ஊரில் கட்டிடக்கலை படித்தவள். மூன்று வருஷம் அங்கே இருந்தேன். ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் புக்கன்வால்ட் முகாம் வாசல். பஸ் மலையேறும் சாலையே கைதிகள் போட்டதுதான். அதற்கு 'ரத்தச் சாலை' என்று பெயர். முதல் தடவை போனது ஒரு பிப்ரவரியில். கட்டிடம் படிக்கிறவள் புத்தி வேறு எங்கே போகும், போனவுடன் வரைபடத்தைத்தான் பார்த்தேன்.

எட்டர்ஸ்பர்க் என்ற அந்த மலையில் முகாம்களை நடத்திய எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவலர்களுடைய வீடுகளும் குடியிருப்பும் தெற்குச் சரிவில், வெயில் விழும் பக்கம். கைதிகளின் முகாம் வடக்குச் சரிவில். காற்று நேராக வந்து அறையும். நான் இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன், காது மரத்துவிட்டது. இடம் தெரியாமல் வைத்தது அல்ல அது. எந்தச் சரிவு யாருக்கு என்று உட்கார்ந்து யோசித்து வரைந்த வரைபடம்.

முதலில் முகாமுக்கு எட்டர்ஸ்பர்க் என்றே பெயர் இருந்தது. வைமாரின் நாஜி கலாச்சார அமைப்பு அதை எதிர்த்தது. கைதிகளை அடைப்பதற்காக அல்ல, கவிஞர் கெதே உலாவிய மலையின் பெயர் கெட்டுவிடும் என்று! அதனால் 1937 ஜூலையில் புக்கன்வால்ட் என்று மாற்றினார்கள். 'பீச் மரக் காடு' என்று அர்த்தம்.

கம்பிக்கதவில் ஒரு வாசகம் உண்டு: 'அவரவருக்கு உரியது அவரவருக்கு.' டாஹாவ், ஆஷ்விட்ஸ் வாசகங்களை வெளியே நின்று படிக்கலாம். இதை உள்ளே நின்றால்தான் நேராகப் படிக்க முடியும். எண்ணிக்கைக்கு நிற்கும் கைதி தினமும் படிக்கட்டும் என்று. அந்த எழுத்துகளை வரைந்தவரும் ஒரு கைதிதான். பெயர் ஃப்ரான்ஸ் எர்லிஷ். கம்யூனிஸ்ட், பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியின் மாணவர். நாஜிகள் வெறுத்து மூட வைத்த பள்ளி அது. அந்தப் பள்ளியின் எழுத்து பாணியிலேயே அவர் வரைந்தார், அவர்களுக்குத் தெரியவில்லை. நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அதை நோட்டில் பார்த்து வரைந்துகொண்டேன்.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்ற கேள்விக்கு வருகிறேன். விடியுமுன் எழுப்புவார்கள். காலையும் மாலையும் மைதானத்தில் எண்ணிக்கை. 'தொப்பியைக் கழற்று, தொப்பியைப் போடு' என்று கட்டளை வரும். ஆயிரக்கணக்கானோர் கை ஒரே சத்தமாக எழ வேண்டும், இல்லையென்றால் மறுபடி. ஒரு தலை குறைந்தாலும் கணக்கு நேராகும்வரை மழையோ பனியோ அத்தனை பேரும் நிற்க வேண்டும். ராத்திரி செத்தவர்களையும் தூக்கிவந்து வரிசையில் கிடத்தி எண்ணுவார்கள். கணக்குதான் முக்கியம், உயிர் இருக்கிறதா என்பது அப்புறம். உங்கள் எண்ணை ஜெர்மனில் கூப்பிடுவார்கள். மொழி தெரியாத பிரெஞ்சுக்காரனோ ஹங்கேரிக்காரனோ முதல் வாரத்துக்குள் காதால் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் அடிதான்.

சாப்பாடு என்றால் பகலில் கிழங்கோ கோசோ மிதக்கும் தண்ணீர் சூப், அதோடு ஒரு துண்டு ரொட்டி. ஆஷ்விட்ஸில் ஒரு நாள் ரொட்டி ஏறக்குறைய 300 கிராம். சூப் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதே பெரிய விஷயம். அடியில் கிடப்பது கெட்டியாக இருக்கும், மேலே அள்ளினால் வெறும் தண்ணீர். முகாம் பேச்சில் 'ஏற்பாடு செய்தேன்' என்றால் எங்கிருந்தோ எடுத்துவந்தேன் என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் இன்னும் ஜீரணமாகவில்லை. கம்பிவேலிக்கு வெளியே எஸ்.எஸ். குடும்பங்களுக்காக ஒரு மிருகக்காட்சி சாலை இருந்தது. கரடிகள் இருந்தன. கரடிகளை அடைத்திருந்த இடத்தின் கற்சுவர் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் பிணம் எரித்த கட்டிடம். உலைகளைச் செய்தது பக்கத்து ஊர் எர்ஃபுர்ட்டின் டோஃப் நிறுவனம், ஆஷ்விட்ஸுக்கும் அவர்களே செய்தார்கள். 'எப்போதும் தங்கள் சேவையில் மகிழ்ச்சியுடன்' என்கிற மாதிரி முடியும் அவர்கள் கடிதங்கள்.

தாமிரபரணி_டீச்சர்:
ரொம்ப நன்றிம்மா. நாளைக்கு அந்தத் தெற்குச் சரிவு, வடக்குச் சரிவை போர்டில் வரைந்து காட்டப் போகிறேன். ஆனால் அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "இத்தனை பேர் இருந்தும் ஏன் மிஸ் சும்மா இருந்தாங்க?" அதற்கு என்ன சொல்ல?

கோட்டோவியம்:
சும்மா இருக்கவில்லை டீச்சர். ஆனால் சினிமா மாதிரியும் நடக்கவில்லை.

சட்டையில் முக்கோணம் தைப்பார்கள். அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவனுக்குப் பச்சை, யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஊதா, ஒருபால் ஈர்ப்பு ஆண்களுக்கு இளஞ்சிவப்பு. யூதர்களுக்கு மஞ்சள். தொகுதி மேற்பார்வை, எழுத்தர் வேலை, மருத்துவ அறை வேலை எல்லாம் கைதிகளிடமே ஒப்படைக்கப்பட்டன. கைதியைக் கைதியே அடிக்க வைக்கும் தந்திரம். புக்கன்வால்டில் பச்சைக்கும் சிவப்புக்கும் அந்தப் பதவிகளுக்காக நீண்ட இழுபறி நடந்து, கடைசியில் சிவப்பு வென்றது. அலுவலகத்தில் இருந்தவர்களால் சாவு வேலைக்குப் போகும் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்க முடிந்தது. ஆனால் தலைக்கணக்கு குறையக் கூடாதே. அடித்த இடத்தில் இன்னொரு பெயர் போயாக வேண்டும். இதை உங்கள் வகுப்பில் எப்படிச் சொல்வீர்களோ, எனக்குத் தெரியவில்லை.

1943இல் இங்கிருந்து டோரா என்ற கிளை முகாமின் சுரங்கங்களுக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள், வி-2 என்ற போர் ராக்கெட் செய்ய. எத்தனை பேர் மலைக்குள்ளேயே செத்தார்கள். கம்பெனிகள் கைதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மார்க் என்று எஸ்.எஸ்ஸுக்குக் கட்டின. கைதிக்கு அதில் காலணா கிடையாது. உங்கள் மாணவியின் எண், யூனிஃபார்ம் கேள்விக்கு இன்னொரு பதில் இது: வாடகைக்கு விட்ட ஆளுக்குக் கணக்கு வேண்டும்.

1945 ஏப்ரலில் எஸ்.எஸ். முகாமைக் காலி செய்து கைதிகளைக் கால்நடையாகவும் ரயிலிலும் ஓட்டத் தொடங்கியது. 8ஆம் தேதி கைதிகள் ஒளித்துவைத்திருந்த டிரான்ஸ்மிட்டரில் மோர்ஸ் செய்தி அனுப்பி அமெரிக்கப் படையிடம் உதவி கேட்டார்கள். அனுப்பியவர் போலந்துக் கைதி டமாசின். பதிலும் வந்தது. 11ஆம் தேதி பிற்பகல் படை நெருங்கி, எஸ்.எஸ். ஓட, மறைத்துவைத்த துப்பாக்கிகளோடு கைதிகள் வாசல் கோபுரத்தைப் பிடித்தார்கள். அன்று முகாமில் 21,000 பேர் உயிரோடு இருந்தார்கள், அதில் சுமார் 900 பேர் சிறுவர்கள். எட்டு ஆண்டுகளில் செத்தவர்கள் ஏறக்குறைய 56,000. கோபுரக் கடிகாரம் இப்போதும் விடுதலையான அந்த நேரத்தை, 3.15ஐ, காட்டி நிற்கிறது.

ரவி_திருச்சி:
இப்போது மைதானத்தில் என்ன இருக்கிறது?

கோட்டோவியம்:
சரளைக்கல். கைதிகள் இருந்த குடில்கள் பெரும்பாலும் இல்லை, நின்ற இடத்துக்கு அடையாளம்தான். நடுவில் தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். 1995இல் வைத்தது. வருஷம் முழுக்க அதை 37 டிகிரி சூட்டில் வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று சுற்றிலும் பனி, அந்தத் தகட்டின் மேல் மட்டும் இல்லை. ஒரு பாட்டி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் எழுந்த பிறகு நானும் வைத்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு.